சோறு போட்ட வேலை, கோடு போட்ட கை

மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்க்காத சென்னைவாசி கிடையாது. நான்கு ஆண்கள் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். 1959-இல் வைத்த சிலை. சாலையில் போகிறவர்கள் முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஒரு தடவை சுற்றி வந்து முதுகுப் பக்கம் நின்று பாருங்கள். தோள்பட்டை எலும்பு விலகும் இடம், இடுப்புக்கு மேல் தசை திரளும் இடம், குதிகாலில் ஏறும் பாரம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னை ஓவியப் பள்ளியின் (இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி) முதல் இந்தியத் தலைவர். சிற்பி, ஓவியர், வங்காளியில் கதை எழுதியவர், புல்லாங்குழல் வாசித்தவர், வேட்டைக்காரர். எல்லாவற்றுக்கும் மேலாக மல்யுத்தம் பழகியவர். அவர் சிற்பத்தில் பிரெஞ்சுச் சிற்பி ரோடானின் தாக்கம் உண்டு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது சரிதான். ஆனால் பாரம் தள்ளும்போது முதுகில் எந்தத் தசை முதலில் இறுகும் என்பதை ரோடானின் சிலையைப் பார்த்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. கோதாவில் மண் ஒட்டப் பிடி போட்டவருக்கு அது உடம்பிலேயே தெரியும்.

ஓவியரின் ‘தாக்கங்கள்’ என்று கண்காட்சிக் கையேடுகளில் அச்சாகும் பட்டியல் பெரும்பாலும் பிற ஓவியர்களின் பெயர்களாகவே இருக்கிறது. வான்கோ, பால் கிளே, ஜாமினி ராய் என்று போகும். அவர் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்தார் என்பது அந்தப் பட்டியலில் வருவதில்லை. 1950-களுக்குப் பிறகு சென்னையில் வளர்ந்த ஓவியத் தலைமுறையைப் பொறுத்தவரை இது பெரிய விடுபடல் என்பது என் உறுதியான எண்ணம். துணிக்கு மெழுகு பூசியதும், அச்சுக்கு பிளாக் படம் போட்டதும், நெசவுக்குக் கட்டம் நிரப்பியதும் அவர்களுடைய ஓவியத்துக்கு வெளியே நின்ற வேலைகள் அல்ல. அந்த வேலைகளின் நெருக்கடிகள் நேராகக் கோட்டுக்குள்ளும் நிறத்துக்குள்ளும் இறங்கியிருக்கின்றன. அந்த வேலைகள் எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் இது கண்ணில் படும். அதனால் வேலையைப் பற்றியே எழுதுகிறேன்.

பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியின் தொடக்கத்திலேயே இந்தக் கதை இருக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. ஓவிய மேதைகளை உருவாக்குவது அப்போது நோக்கமல்ல. மண்பாண்டம், மர வேலை, உலோக வேலை, அச்சுக் கட்டை வெட்டுதல் போன்ற கைத்தொழில்களும் வரைபடப் பயிற்சியும்தான் பாடம். நூறு ஆண்டு கழித்து 1957-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக வந்தபோதும் கைவினைப் பிரிவுகள் அதே வளாகத்தில்தான் இருந்தன. ஓவிய மாணவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் யாராவது எதையாவது தட்டிக்கொண்டோ சாயம் காய்ச்சிக்கொண்டோ இருப்பார்கள்.

படித்து வெளியே வந்தவர்களுக்கு முன்னால் நின்றது எளிய கேள்வி: அடுத்து என்ன? அன்றைய சென்னையில் நவீன ஓவியத்தை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. விளம்பர நிறுவனத்துக்குப் போகலாம், பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் ஆகலாம், ஊருக்குத் திரும்பலாம். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் வேறொரு வழி கண்டார்கள். கைவினைப் பொருள் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியம் வரைவது. அப்படி விற்றவற்றில் முதலிடம், மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாமல் தடுத்து உருவம் எழுப்பும் பாத்திக் துணிக்கு. அந்தப் பணத்தில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். அரசு மானியத்தில் எழுந்ததல்ல, புரவலர் கொடுத்ததும் அல்ல. மெழுகும் சாயமும் சம்பாதித்த நிலம் அது.

பாத்திக் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலில் துணி. பருத்திதான், கேம்பிரிக் அல்லது மெல்லிய மல். கடையிலிருந்து வந்த துணியில் ஆலைக் கஞ்சி இருக்கும். அதை எடுக்காமல் வேலை தொடங்கினால் மெழுகும் இறங்காது, சாயமும் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். சலவை சோடா போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, அலசி, காயவைத்து, மரச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். தரையில் விரித்து மெழுகு பூசினால் துணி கீழே ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது மெழுகு உடையும்.

அடுத்தது மெழுகுக் கலவை. பாரஃபின் நொறுங்கும், தேன்மெழுகு வளையும். இரண்டும் சரிபாதி என்றால் வெடிப்பு, அதாவது மெழுகு விரிந்த இடத்தில் சாயம் புகுந்து விழும் நுண்கோடு, அளவாக வரும். பாரஃபின் எழுபது, தேன்மெழுகு முப்பது என்றால் துணி முழுக்கச் சிலந்தி வலை போல் நரம்பு ஓடும். முகம், விரல் போன்ற நுணுக்கமான பகுதிகளில் சுத்தமான விளிம்பு வேண்டும் என்றால் தேன்மெழுகைக் கூட்ட வேண்டும். தேன்மெழுகு விலை அதிகம். அதனால் கலவையை முடிவு செய்வதில் ரசனையோடு கணக்கும் சேர்ந்துவிடும்.

சூடுதான் கைத்திறனின் மையம். 110 முதல் 120 டிகிரி வரை இருந்தால் மெழுகு துணிக்குள் ஊடுருவும். பூசிய இடம் எண்ணெய் பட்ட காகிதம் போல ஒளி ஊடுருவித் தெரிந்தால் சரி. வெள்ளையாக, தயிர் ஆடை போல மேலே படிந்து நின்றால் சூடு போதவில்லை. அடியில் சாயம் புகுந்து, அவ்வளவு நேரம் காத்த வெள்ளை கெட்டுப்போகும். சூடு மீறினால் தூரிகையை வைத்த கணத்தில் மெழுகு நாலாபக்கமும் பரவி, கோடு குளமாகிவிடும். புகை வந்தால் உடனே இறக்க வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடி போட்டு அணைக்க வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் மெழுகுப் பாத்திரத்தை வைப்பது பாதுகாப்பானது. ஆனால் அந்த முறையில் சூடு நூறு டிகிரியை எட்டாது. தடித்த துணியில் இறங்காது. நைலான் தூரிகை சூட்டில் சுருண்டுவிடும் என்பதால் பன்றிமுடித் தூரிகைதான் பயன்படும். தூரிகையைப் பாத்திரத்தின் விளிம்பில் ஒரு முறை வழித்துவிட்டு, நான்கைந்து விநாடிக்குள் கோட்டை இழுத்து முடித்துவிட வேண்டும். மெழுகு ஆறிக்கொண்டே இருக்கும். யோசித்துக்கொண்டே இழுத்தால் கோட்டின் முதல் பாதி உள்ளே இறங்கியும் மறுபாதி மேலே நின்றும் போகும். திருத்தவும் முடியாது. ஒரு சொட்டு தவறி விழுந்தால் அந்த இடம் கடைசி வரை வெள்ளைப் புள்ளிதான். அதை இலையாகவோ கண்ணாகவோ மாற்றிக்கொள்வதுதான் அனுபவம்.

பிறகு சாயம். மெழுகு உருகக் கூடாது என்பதால் குளிர்சாயம். நாப்தால் முறை என்றால் இரண்டு தொட்டி வேண்டும்: ஒன்றில் நாப்தால் என்ற வேதிப்பொருள், மற்றொன்றில் அதோடு சேர்ந்து நிறத்தை எழுப்பும் ‘சால்ட்’ (சமையல் உப்பல்ல, டயசோ உப்பு). நாப்தாலை டர்க்கி ரெட் ஆயிலில் குழைத்து, கொஞ்சம் கொதிநீர் விட்டு, காஸ்டிக் சோடா சேர்த்தால் கலங்கல் தெளிய வேண்டும். தெளியாவிட்டால் கரையவில்லை என்று அர்த்தம், துணியில் திட்டு விழும். தெளிந்த பிறகு குளிர்ந்த நீரில் சேர்த்து, துணியை முக்கி, எடுத்து, சொட்டு நிற்கும்வரை வடியவிட்டு, இரண்டாவது தொட்டியில் சால்ட் கரைசலில் முக்க வேண்டும். ஒரு மீட்டர் துணிக்கு 5 கிராம் நாப்தால் என்றால் 10 கிராம் சால்ட் என்பது பொதுக் கணக்கு. முதல் தொட்டியிலிருந்து வரும் துணியில் நிறமே இருக்காது, அல்லது வெளிர் மஞ்சளாக இருக்கும். இரண்டாவது தொட்டியில் பட்ட கணத்தில் சிவப்போ நீலமோ திடீரென்று எழும். வடியவிடாமல் அவசரப்பட்டால் நிறம் இழைக்குள் போகாமல் மேலேயே படிந்து, தேய்த்தால் கையோடு வரும். சால்ட் கரைசல் சூடு தாங்காது. சென்னையின் மே மாதத்தில் கரைத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது பாதி வீரியம் போயிருக்கும். பானைத் தண்ணீரிலோ ஐஸ் போட்டோ கரைத்து உடனே முக்குவதுதான் வழி. கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. காஸ்டிக் தோலை அரிக்கும். இந்தச் சாயங்கள் சிலவற்றுக்கு அடிப்படையான அமீன்கள் புற்றுநோய் அபாயத்தால் தடை செய்யப்பட்டவை.

நிற வரிசை வெளிறியதிலிருந்து அடர்த்திக்குப் போகும். வெள்ளை வேண்டிய இடத்தை மெழுகால் மூடு, மஞ்சளில் முக்கு, மஞ்சள் வேண்டிய இடத்தை மூடு, சிவப்பில் முக்கு, அது ஆரஞ்சும் செங்காவியுமாக வரும், அதை மூடு, கடைசியில் கருநீலமோ கறுப்போ. மஞ்சளுக்கு மேல் நீலம் போட்டால் பச்சைதான் கிடைக்கும். தூய நீலம் வேண்டுமென்றால் அதற்கு வேறு திட்டம் முதலிலேயே போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முக்கலுக்கும் நடுவே துணியை நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் மெழுகு இளகி வழியும். வெடிப்பு வேண்டும் என்றால் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துக் கசக்க வேண்டும். இங்கேயும் சென்னை வெயில் குறுக்கே நிற்கும்: பகலில் மெழுகு இறுகுவதே இல்லை, கசக்கினால் உடையாமல் மடங்குகிறது. அதனால் வெடிப்பு வேலைக்கு விடிகாலைதான் நேரம். கடைசியில் சோப்பும் சலவை சோடாவும் போட்டுக் கொதிக்கவிட்டால் மெழுகு மிதக்கும். ஆறிய பிறகு ஆடை போல எடுத்து அடுத்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். சூடாக இருக்கும்போதே சாக்கடையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இந்த வேலையை ஒருவர் ஐந்தாறு ஆண்டு தினமும் மாலையில் செய்தால் அவருடைய கண்ணுக்கு என்ன ஆகும்? எண்ணெய் வண்ணத்தில் ஓவியர் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகலாம். தவறினால் சுரண்டலாம், மேலே பூசலாம். பாத்திக்கில் வெளிச்சத்தை முதலில் காப்பாற்றியாக வேண்டும். வரைவது என்பது மூடுவது. உருவத்தை வரையாமல் உருவம் அல்லாததை வரைந்து பழகுகிறது கை. வெளிச்சம் நிழல் என்று உருட்டிக் காட்டும் வசதி கிடையாது. ஒவ்வொரு பகுதியும் விளிம்பு கட்டிய தட்டையான நிறம். நிறங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஊறியதால் படம் முழுவதும் ஒரே குடும்பத்து நிறமாகவே இருக்கும். இப்போது அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் சென்னையில் வரைந்த கித்தான் (கேன்வாஸ்) ஓவியங்களைப் பாருங்கள். தட்டையான பரப்பு, உருவத்தைச் சுற்றி நிற்கும் வெளிர் விளிம்பு, காவியும் மஞ்சளும் கருநீலமும், பின்னணி முழுக்க நுண்ணிய நரம்போட்டம். தாந்த்ரீகம், நாட்டார் கலை, சுவரோவியம் என்று இதற்கு மூலம் சொல்கிறார்கள். அவற்றை மறுக்கவில்லை. மெழுகுச் சட்டியையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்கிறேன்.

சென்னை ஓவியத்தின் அடையாளம் கோடு என்பார்கள். அதற்குக் காரணங்கள் பல. எஸ். தனபால், எல். முனுசாமி, ஏ.பி. சந்தானராஜ் போன்ற ஆசிரியர்களின் கோட்டுப் பயிற்சி பெரிய காரணம். தனபால் நடனமும் பயின்றவர். உடம்பின் வளைவு அவருக்கு வெறும் கண்ணால் அறிந்த விஷயமாக இருந்திருக்க முடியாது. ஆனால் கோட்டுக்கு இன்னொரு வீடும் இருந்தது: அச்சுக்கூடம்.

ஆஃப்செட் வருவதற்கு முந்தைய தமிழ்ப் பத்திரிகையில், அதிலும் காசில்லாத சிறுபத்திரிகையில், படம் அச்சிட ஒரே வழி துத்தநாக லைன் பிளாக். ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து, அந்த நெகடிவைத் தகட்டில் பதித்து, அமிலத்தில் அரிக்கவிடுவார்கள். கோடு மேடாக நிற்கும், மற்றது பள்ளமாகும். லைன் பிளாக்கில் சாம்பல் நிறம் என்பதே கிடையாது. கறுப்பு, அல்லது வெற்றுத்தாள். சாம்பல் வேண்டும் என்றால் சிறு புள்ளிகளால் நிழல் காட்டும் ஹாஃப்டோன் பிளாக் வேண்டும், அதற்கு வழவழப்பான தாள் வேண்டும். சிறுபத்திரிகை அச்சாகும் சொரசொரப்பான தாளில் ஹாஃப்டோன் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, முகம் கரி பூசியது போலாகும். அதனால் நிழலைக் கோட்டாலேயே நெய்தாக வேண்டும்.

அதிலும் விதிகள் உண்டு. அச்சாகும் அளவைவிட ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு பெரிதாக வரைந்தால், சுருக்கும்போது கை நடுக்கம் மறைந்து கோடு இறுகும். ஆனால் அரை மில்லிமீட்டர் கோடு கால் மில்லிமீட்டர் ஆகிவிடும். அமிலம் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை, பக்கவாட்டிலும் அரிக்கும். மெல்லிய கோட்டின் கால் அறுந்து, அச்சில் அது விட்டுவிட்டு விழும். எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு: குறுக்குக் கோடுகளை நெருக்கிப் போட்டால் இடைவெளியில் மை அடைத்து, பின்னல் முழுவதும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். கோட்டின் தடிமனைப் போல் இரண்டு பங்கு இடைவெளி விடுவது நல்லது. பென்சில் தேய்ப்பு, நீர்த்த மை இவையெல்லாம் பிளாக்கில் காணாமல் போகும். தொட்டெழுதும் நிப்பும் அடர்ந்த இந்தியன் இங்க்கும்தான் கருவி. பிளாக்குக்குக் கூலி சதுர அங்குலக் கணக்கில். எனவே சின்ன இடத்தில் பெரிய ஆளைக் காட்ட வேண்டும்.

கே.எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி வரைந்த காந்திக் கோட்டோவியங்களை இந்த விதிகளோடு வைத்துப் பாருங்கள். முழுப்படமும் கறுப்பு வெள்ளைக் கோடு. தாடையின் நிழல் தேய்த்ததல்ல, பின்னியது. ஓரிடத்தில் கோடு நெருங்கி இருள்கிறது, அடுத்த கணம் தாள் அப்படியே விடப்பட்டு நெற்றி ஆகிறது. திருச்சி மாவட்டம் துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரிலிருந்து வந்தவர் அவர். சிறுபத்திரிகைகளுக்கும் வார இதழ்களுக்கும் படம் வரைந்தார், புத்தக அட்டைகளுக்கும் இதழ்களுக்கும் தலைப்பு எழுத்து வரைந்தார். தமிழ்த் தலைப்பு எழுத்து இன்றைக்கு இப்படி இருப்பதில் அவர் கைக்குப் பெரும் பங்கு உண்டு. ‘ழ’வின் கீழ்வளைவையும் ‘ஞ’வின் சுழியையும் எழுத்தாகப் பார்க்காமல் உடம்பாகப் பார்த்தவர். தட்டை நிப்பால் எழுதினால் தமிழ் வளைவுகளில் தடிமன் தானாக மாறிக்கொண்டே வரும். நெடுங்கோட்டில் தடித்து, சுழியில் மெலியும். அந்தத் தடிமன் மாற்றத்தை அவர் வரைந்த அரசர்களின் தலைப்பாகையிலும் மீசையிலும் பார்க்கலாம். தலைப்பு எழுத்து வேலையை ‘கமர்ஷியல்’ என்று தள்ளிவைத்துவிட்டு அவருடைய கோட்டைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சுதான்.

அதே ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்திலும் வேலை பார்த்தார். எம். ரெட்டப்ப நாயுடுவும் அங்கே இருந்தார். 1950-களில் அகில இந்தியக் கைத்தறி வாரியம் ஏற்படுத்திய மையங்கள் இவை. ஓவியர்களைச் சம்பளத்துக்கு எடுத்து நெசவு வடிவமைப்பில் ஈடுபடுத்தின. மாதச் சம்பளம் நிச்சயம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அங்கே கை வேறொரு ஒழுக்கத்துக்குள் போக வேண்டியிருந்தது.

நெசவில் வரைபடம் என்பது கட்டத்தாள். ஒரு கட்டம் என்பது நெடுக ஓடும் ஒரு பாவு இழையும் குறுக்கே போகும் ஒரு ஊடை இழையும் சந்திக்கும் இடம். ஜக்கார்டில் (பாவு இழைகளைக் கொக்கியால் தூக்கி டிசைன் எழுப்பும் தறிக் கருவி) 240 கொக்கி இருந்து, அங்குலத்துக்கு 80 பாவு இழை என்றால், உங்கள் டிசைனின் அகலம் மூன்று அங்குலம். அதற்குமேல் அதே டிசைன் திரும்ப வரும். எனவே இடது விளிம்பில் தொடங்கும் கொடி வலது விளிம்பில் அதே உயரத்தில், அதே சாய்வில் முடிய வேண்டும். ஒரு கட்டம் பிசகினாலும் புடவை நெடுகப் படிக்கட்டு போல் தெரியும். புதிதாக வருகிறவர்கள் தவறும் இடம் இன்னொன்று. சதுரக் கட்டத்தாளில் அழகான வட்டம் போட்டுக் கொடுப்பார்கள். பாவு அங்குலத்துக்கு 80, ஊடை 60 என்றால், 80 கட்டம் அகலம் ஓர் அங்குலத்தில் முடியும், 80 கட்டம் உயரமோ 1.33 அங்குலம் வரும். தறியிலிருந்து இறங்கும்போது வட்டம் முட்டையாகியிருக்கும். இழைக்கணக்கின் விகிதத்துக்கு ஏற்ற கட்டத்தாளில் வரைய வேண்டும், அல்லது முதலிலேயே வட்டத்தை நசுக்கிப் போட வேண்டும். தாளில் தவறாகத் தெரிவதுதான் துணியில் சரியாக வரும்.

ஒரு பரப்பைச் சட்டத்துக்குள் முடிந்த காட்சியாகப் பார்க்காமல், நான்கு பக்கமும் நீண்டுகொண்டே போகும் நிறவெளியாகப் பார்க்கும் பழக்கம் இதில் வருகிறது. ஆதிமூலம் பின்னாளில் கறுப்பு வெள்ளையை விட்டு எண்ணெய் வண்ண அரூப நிலப்பரப்புகளுக்குப் போனார். அவற்றில் பார்வை ஓரிடத்தில் நிற்காது. மையம் என்று ஒன்று இல்லை. பட்டும் பருத்தியும் நிறம் மாறுவதைத் தினமும் பார்த்த கண் அதில் இருக்கிறது என்று தோன்றுகிறது.

உலோகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டில் செய்த முகப்புச் சிற்பங்களுக்கு முன்மாதிரி நம் கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசம். பின்பக்கம் என்று ஒன்று அதற்கு வேண்டியதில்லை. முன்னால் நின்று பார்க்கத்தான் அது. குங்கிலியம், செங்கல் பொடி, எண்ணெய் கலந்த படுக்கையில் தகட்டைப் பதித்துப் பின்னாலிருந்து தட்டி உப்ப வைத்து, திருப்பி முன்னாலிருந்து விளிம்பு கட்டுவார்கள். செம்பு அடிவாங்க வாங்க இறுகும். மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் மறுபடி இளகும். சோம்பல்பட்டு அதைத் தள்ளிப்போட்டால் மூக்கு நுனியிலோ புருவத்திலோ தகடு கிழியும். பிறகு எஸ். நந்தகோபால் பித்தளையும் செம்பும் பற்றவைத்துச் செய்தவற்றிலும் அந்த முகப்புத்தன்மை தொடர்ந்தது.

வேலை முடிந்து மீதி நேரத்தில் இந்த ஓவியர்கள் போன இடம் எழும்பூர் அருங்காட்சியகம். ஓவியப் பள்ளியிலிருந்து நடந்தே போய்விடலாம். 1851-இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்குள்ள வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரும் திருவாலங்காட்டு நடராசரும் இருக்கிறார்கள். வரைபடப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பள்ளி சென்னையில் இல்லை. வரையப் போகிறவர்கள் நகையில் தொடங்குவதுதான் வழக்கமான தவறு. முதலில் உச்சியிலிருந்து ஒரு தூக்குநூல் விடுங்கள். கற்பனை நூல் போதும், பென்சிலைத் தொங்கவிட்டாலும் சரி. அது மூக்கை எங்கே விடுகிறது, தொப்புளுக்கு எந்தப் பக்கம் போகிறது, எந்தக் காலடியில் இறங்குகிறது என்று மூன்று புள்ளி குறித்துக்கொண்டால் முக்கால் படம் முடிந்தது. தலை ஒரு பக்கம், உடல் எதிர்ப்பக்கம், இடுப்பு மறுபடி முதல் பக்கம் சாயும் திரிபங்கம் இந்த நூலை வைத்தால்தான் பிடிபடும். அளவும் ஊகமல்ல: சிற்ப நூல்கள் சொல்லும் உத்தம தசதாளம் என்ற அளவுமுறையில் மொத்த உயரம் 124 அங்குலம், தேவியருக்கான மத்திம தசதாளம் 120. இங்கே அங்குலம் என்பது இஞ்ச் அல்ல, சிலையின் உயரத்திலிருந்தே பெறும் அலகு. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தென்னையோலைத் துண்டை உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து அந்த அளவுகளை எடுக்கிறார்கள். கண்ணாடிப் பேழையில் விளக்கொளி எதிரடிக்கும் என்பதால் நேராக நிற்காமல் சற்றுச் சாய்ந்து நிற்பது நல்லது. ஒரே சிலையை நான்கு வாரம் தொடர்ந்து வரைந்தவருக்குக் கிடைப்பது, ஒரே நாளில் நாற்பது சிலை வரைந்தவருக்குக் கிடைக்காது.

ஈஞ்சம்பாக்கம் கடற்காற்றும் ஓவியத்தில் கை வைக்கும். அங்கே வீடும் பட்டறையும் ஒன்று. உப்புக் காற்றில் இரும்பு ஆணி ஒரு மழைக்காலத்திலேயே துரு விட்டு, கித்தான் விளிம்பில் பழுப்புக் கறை இறங்கும். செம்பு ஆணி அல்லது துருப்பிடிக்காத பின் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கித்தான் தொய்ந்து நிற்பதைப் பார்த்து சட்ட மூலையில் இருக்கும் ஆப்பை அடித்து இறுக்கிவிட்டால், மாசியில் காற்று உலரும்போது அது அளவுக்கு மேல் இறுகி, மூலையில் வண்ணம் விரியும். மழை முடியும்வரை பொறுக்க வேண்டும். விலங்குப் பசை பூசிய கித்தானில் பூஞ்சை பிடிக்கும், பசைதான் அதற்குத் தீனி. சுவருக்கும் படத்துக்கும் நடுவே கார்க் துண்டு வைத்து விரலளவு இடம் விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கத்திரி வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே இறுகிவிடும். தண்ணீர் தெளித்துக்கொண்டே, சின்னச் சின்னப் பகுதியாக முடித்துக்கொண்டு போக வேண்டும். இங்கேயும் தட்டையான நிறப்பகுதிகளை நோக்கியே கை தள்ளப்படுகிறது.

சோழமண்டலத்தில் உள்ள, இந்தச் சென்னை ஓவியத் தலைமுறைக்கான மெட்ராஸ் இயக்க அருங்காட்சியகத்துக்குப் போனால் பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை நேரம் கொடுத்துப் பாருங்கள். பரப்பு நெடுக மலையாள எழுத்துச் சாயலில் வரிகள், ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, ஒரு மீன், ஒரு பாம்பு. பனையோலைச் சுவடியைத் திறந்தது போல இருக்கும். படிக்க முயன்றால் ஒரு சொல்லும் கிடைக்காது. வரி வரியாகக் கண்ணை ஓட்ட வைக்கும், ஆனால் செய்தி தராது. 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், தந்தை இறந்ததும் படிப்பை விட்டுவிட்டுக் குடும்பத்துக்காக வேலைக்குப் போனார். ஓவியப் பள்ளியில் சேரும்போது அவருக்கு 25 வயது. அதற்கு முன் அவர் வேலை பார்த்தது தந்தி இலாகாவில். எழுத்தைப் புள்ளியும் கோடுமாக மாற்றி அனுப்புவதே அந்தத் தொழில்.